விதை தின்னாத பதினான்கு வருடங்கள்

புதிதாக டாக்டர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். கத்தி பிடிப்பதைப் பற்றியோ தையல் போடுவதைப் பற்றியோ பேசப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைகளுக்கு என் கையைவிட நன்றாகவே வரும். முப்பது வருடம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வயிறுகளைத் திறந்து மூடியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் கண்ணயரும்போது எனக்கு முகங்கள் வருவதில்லை. குடல்தான் வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மின்னிக்கொண்டு, ஆள் மயங்கிக் கிடந்தாலும் தான் மயங்காமல் மெதுவாக நெளிந்துகொண்டு, தண்ணீருக்கடியில் எதுவோ அசைவது போல. அதோடு ஒரே ஒரு முகம் சேர்ந்து வரும். செந்துறைப் பக்கத்திலிருந்து வந்த தனபாக்கியத்தின் முகம்.

அப்போது நான் அரியலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆபரேஷன் தியேட்டர் ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்புத் தூசி படிந்து, வெயில் எப்போதும் பால் கலந்ததுபோல உள்ளே வரும். அப்படி ஒரு காலையில்தான் தனபாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள். வயது நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் முந்திரித் தோப்பு. கொட்டை வறுத்து உடைக்கும் வேலையால் விரல்களெல்லாம் கருத்திருந்தன. மூன்று நாளாக வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். குடல்வால் அழற்சி என்று எழுதிவிட்டுத் திறந்தேன்.

குடல்வால் வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், பெருங்குடல் தொடங்கும் இடத்தில், ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியான கட்டி. சுற்றிலும் வீக்கம். விரலை வைத்ததும் என் மனதில் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. புற்று.

வேறு வார்த்தை ஏன் வரவில்லை என்பதற்கு நான் படித்த பாடத்தைச் சொல்ல வேண்டும். குடல் சுவரில் பலவீனமான இடங்களில் உள்தோல் வெளியே பிதுங்கிச் சின்னச் சின்னப் பைகளாகத் தொங்கும். டைவர்ட்டிகுலம் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். இதை முதலில் பார்த்தவர்கள் பிணப் பரிசோதனையில் பார்த்தார்கள். ஒரு வினோதம் என்று குறித்துவைத்துவிட்டுப் போனார்கள். பிறகு, வெள்ளைக் குழம்பு போன்ற பேரியத்தை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் காலம் வந்தது. உயிரோடு நடமாடுகிறவர்களின் குடலிலும் அந்தப் பைகள் வரிசையாகத் தெரிந்தன. அப்புறம் ஒரு விளக்கம் வந்தது. தீட்டிய மாவும் ரொட்டியும் தின்கிற மேலைநாட்டுக்காரர்களுக்கு வரும் நோய் இது. தவிடும் நாருமாகத் தின்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வராது. கல்லூரியில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கம்பும் சோளமும் தின்ற பரம்பரை அல்லவா! அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். தனபாக்கியத்தின் வயிற்றைத் திறந்து நின்றபோதும் அது மூடியேதான் இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். அவருடைய கணவர் கலியபெருமாள் சுவரோரம் நின்றிருந்தார். "குடல்ல கட்டி இருக்கு. கெட்ட கட்டி மாதிரிதான் தெரியுது. குடல்ல ஒரு பாகத்தையே எடுக்கணும்" என்றேன்.

அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்று கும்பிட்டார்.

பெருங்குடலின் வலது பாதியை எடுத்தேன். நல்லபடியாகவே முடிந்தது. எடுத்ததைப் பரிசோதனைக்கு வெளியூருக்கு அனுப்பினோம். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் கலியபெருமாள் மனைவியின் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுவார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுவார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முடிவு வருவதற்கு முன்னால் நோயின் பெயரைச் சொன்னது நான் செய்த முதல் தவறு. ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த நோய்க்குறியியல் டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன். அவர் போனில் கூப்பிட்டார்.

"மேடம், கேன்சர் இல்ல. டைவர்ட்டிகுலம். ஒரு பை புண்ணாகிச் சுத்தி வீங்கியிருக்கு. பக்கத்துலயே இன்னும் ரெண்டு மூணு பை இருக்கு."

"நம்ம ஆளுங்களுக்கு அது வராதேம்மா" என்றேன்.

"வந்திருக்கே மேடம்."

அந்த நேரம் கூட்ஸ் வண்டி ஒன்று ஸ்டேஷன் பக்கம் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அது முடியும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் பக்கத்து மக்களுக்கும் வரும், ஆனால் பெரும்பாலும் வலது பக்கத்தில் வரும், அதனால்தான் குடல்வால் என்றோ புற்று என்றோ ஏமாந்துபோகிறோம் என்று அவர் நிதானமாகச் சொன்னார். கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "இனிமே என்ன சாப்பிடணும், என்ன சாப்பிடக்கூடாதுன்னு அவங்க கேப்பாங்க மேடம். அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல. இருக்கிற மாதிரி சொல்லிடாதீங்க."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல பாடங்களில் ஒன்று அது. நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

புற்று இல்லை என்று சொன்னபோது கலியபெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தனபாக்கியத்துக்கு அப்போதுதான் தனக்கு என்ன இருந்ததாக நினைத்தார்கள் என்பதே தெரிந்தது. இருவரும் என்னைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் குன்றிப்போயிருந்தது. தேவைக்கு அதிகமாகக் குடலை எடுத்துவிட்டோமோ என்ற எண்ணம். அந்தக் குறுகுறுப்பை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, கண்டிப்பான டாக்டராக ஆகிவிடுவது. டிஸ்சார்ஜ் அன்று ஒரு பட்டியல் போட்டேன். விதை உள்ள எதையும் தொடக்கூடாது. எள், நிலக்கடலை, முந்திரி, கொய்யா, கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி. விதை போய் அந்தப் பைக்குள் விழுந்து தங்கிவிடும், புண்ணாகிவிடும்.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், புத்தகத்தில் இருந்தது. புத்தகத்துக்கு என்ன ஆதாரம் என்றால், கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அவ்வளவுதான். பல தலைமுறை டாக்டர்கள் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். யாரும் விதை தின்றவர்களையும் தின்னாதவர்களையும் எண்ணிப் பார்க்கவில்லை.

"எம்மாம் நாளைக்கும்மா?" என்று தனபாக்கியம் கேட்டார்.

"எப்பவும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொல்லி மணியை அடித்தேன்.

வருடங்கள் போயின. முதல் சில வருடங்கள் அவர் பரிசோதனைக்கு வந்தார். பிறகு வரவில்லை, நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இதற்கிடையில் எங்கேயோ யாரோ உண்மையிலேயே எண்ணிப் பார்த்தார்கள். கொட்டையும் விதையும் தின்கிறவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், அவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரவில்லை என்று தெரிந்தது. அந்தத் தடை மெல்லப் புத்தகங்களிலிருந்து மறைந்தது. நான் அதை ஒரு மருத்துவ இதழில் படித்தேன். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது; ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டே படித்தது இன்னும் நினைவிருக்கிறது. "அட, அப்படியா" என்று பக்கத்தைத் திருப்பினேன். அதற்குப் பிறகு வந்த நோயாளிகளிடம் மாற்றிச் சொன்னேன். பழைய நோயாளிகளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் என் மனதில் குணமாகி, கதவைத் தாண்டிப் போய்விட்டவர்கள்.

நான் ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, ஒரு காலை வாசல் கேட்டைத் தட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "செந்துறைப் பக்கங்க. கலியபெருமாளுங்க" என்றபோதுதான் தெரிந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, அவளுக்குத் தெரியாம வந்திருக்கேன். ரெண்டு நாளா வவுத்து வலி. இந்த வாட்டி எடது பக்கம். காச்சலும் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வர மாட்டேங்கிறா."

"ஏன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்புப் பண்ணிட்டாம்மா. அவ தங்கச்சி மவ கல்யாணத்துல எள்ளுருண்டை ஒண்ணு தின்னுட்டா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு டாக்டரம்மா முன்னாடி போயி நிப்பேன்னு அழுவுறா. பதினாலு வருசமா ஒரு வெத வாயில வச்சதில்லீங்க. எங்க வூட்டுல கடுகுகூடத் தாளிக்கிறதில்ல. தக்காளிய வடிகட்டித்தான் ரசம். முந்திரிய ஒடைச்சுக் குமிக்கிறா, ஒண்ணு எடுத்து வாயில போட்டு நான் பாத்ததில்ல. நீங்க சொன்னா சொன்னதுதான்னு இருந்தா. எப்படியோ புத்தி கெட்டுப்போச்சு. நீங்கதான் மன்னிச்சு வந்து பாக்கணும்."

என் வாழ்க்கையில் பெரிய ரத்தப்போக்குகளைப் பார்த்திருக்கிறேன். மேசையிலேயே நாடி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்தக் காலை வெயிலில், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த தலைசுற்றல் எதிலும் வந்ததில்லை. சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் வயிறு. "வாங்க, போலாம்" என்றேன். ஒரு காரை வரவழைத்துக் கிளம்பினோம்.

அந்தப் பயணம் எனக்கு முழுதாக நினைவில்லை. துண்டு துண்டாகத்தான் வருகிறது. சிமெண்ட் லாரிகளின் வெள்ளைப் புழுதி. அதைத் தாண்டியதும் செம்மண். பிறகு முந்திரித் தோப்புகள், தரையைத் தொடும் கிளைகள், அவற்றுக்கடியில் அசையாத நிழல். கலியபெருமாள் முன் சீட்டில் தூங்கிப்போயிருந்தார். கடுகு இல்லாத தாளிப்பின் சத்தம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். பதினான்கு வருடம் ஒரு வீட்டு அடுப்பில் அந்த வெடிப்பு கேட்டிருக்காது. என் ஒரு வார்த்தையால்.

தனபாக்கியம் ஒரு கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். மெலிந்திருந்தார், வெளுத்திருந்தார். வெள்ளைச் சோறும் வடிகட்டிய ரசமுமாக வாழ்ந்த உடம்பு. நாரும் காயும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று இன்று நாம் சொல்கிற நோய்க்கு, நேர் எதிராக ஒருவரை வாழவைத்திருக்கிறேன். அதனால்தான் மறுபடி வந்தது என்று சொல்ல மாட்டேன். அது நமக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. ஆனால் அந்த வெளுப்பு என் கணக்கில்தான் சேரும்.

வயிற்றில் கை வைத்தேன். இடது பக்கம் தொட்டால் வலித்தது. ஆனால் பலகைபோல இறுகியிருக்கவில்லை. குடல் ஓட்டையாகவில்லை என்று கை சொன்னது. என் கையை நான் அன்று முழுதாக நம்பவில்லை. அரியலூருக்கு அழைத்துப்போய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே பணியில் இருந்த சர்ஜன் உங்கள் வயதுக்காரர். ஸ்கேன் எடுத்தார். பெருங்குடல் சுவர் தடித்திருந்தது, பைகள் தெரிந்தன, கசிவு இல்லை.

"ஆபரேஷன் வேண்டாம் மேடம். குளுக்கோஸ், மருந்து போட்டுப் பாப்போம். நாளைக்கு மறுபடி தொட்டுப் பாக்கலாம்" என்றார்.

நான் படித்த காலத்தில், இப்படி ஒருவரைப் பார்த்தால் கை பரபரக்கும். குடலை வெளியே கொண்டுவந்து மலம் விழ வயிற்றில் பை கட்டி, பிறகு வெட்டி, பிறகு மூடி, மூன்று முறை திறந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு அது இரண்டாகி, ஒன்றாகி, இப்போது பலருக்கு ஒன்றுமே வேண்டாம் என்று வந்திருக்கிறது. அந்த இளைஞர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். காத்திருப்பதுதான் கடினமான சிகிச்சை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் வலியும் பாதியானது.

மூன்றாம் நாள் முற்பகல், கலியபெருமாள் டீ வாங்கப் போனபோது, கட்டிலுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா தின்னேன். கல்யாண வூட்டுல தட்டுல வச்சிக் குடுத்துச்சுங்க. வாசம் வந்துச்சு. கை தானா எடுத்துருச்சு. நீங்க உசுரக் காப்பாத்தி வுட்டீங்க, நான் இப்படிப் பண்ணிட்டேன்."

"தனபாக்கியம், எள்ளு காரணம் இல்ல. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. வெதைக்கும் இந்த நோவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அப்புறம் கண்டுபுடிச்சிட்டாங்க. நீ எதையும் விட்டிருக்கவே வேண்டாம்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது.

"பதினாலு வருசம்மா" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஆமா."

"இது தப்புன்னு எப்பம்மா தெரிஞ்சுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். "ஆறு வருசத்துக்கு முன்னாடியே படிச்சிட்டேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "அப்ப ஒரு கடுதாசி போட்டிருக்கலாமுல்ல?" என்றார்.

கலியபெருமாள் டீயோடு வந்தார். டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தபடி தனபாக்கியம் கேட்டார்: "இன்னும் யாருக்கெல்லாம் இப்படிச் சொன்னீங்க?"

பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். தனபாக்கியத்தைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். அவருக்கு உடம்பு தேறிய பிறகு ஒருநாள் போன் செய்து அதைச் சொன்னேன். "போயிச் சொல்லுங்க. தனியா போவாதீங்க, நானும் வரேன்" என்றார். எனக்குத் துணையாக வந்தாரா, நான் சொல்கிறேனா என்று பார்க்க வந்தாரா, தெரியாது. வந்தார்.

முதலில் செட்டிகுளத்தில் ஒரு டீச்சர். விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் அத மறுவாரமே மறந்துட்டேன் மேடம். வேர்க்கடலை இல்லாம எனக்குப் பொழுது போவாது" என்றார். தனபாக்கியமும் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்து வேப்பந்தட்டைப் பக்கம். லாரி டிரைவராக இருந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கிச் சோளக்காட்டு ஓரமாக நடந்தோம். மேற்கே மலை நீலமாக, புகைபோல நின்றது. வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறதாம்; மாரடைப்பு. என்னைப் பார்த்ததும் அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, ஏதோ நல்ல செய்தியைச் சொல்வதுபோல முகம் மலரச் சொன்னார்:

"கடைசி வரைக்கும் உங்க பேச்ச மீறலீங்க. கடைசி மாசம் பூரா வறுத்த கடல வேணும், வறுத்த கடல வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் குடுக்கவே இல்ல. டாக்டரம்மா சொல்லியிருக்காங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

தனபாக்கியத்தைப் பார்த்தேன். ஒரு கடிதம் போட்டிருக்கலாமே என்று கேட்டவர் அவர்தான்.

அவர் அந்தம்மாவின் தோளில் கை வைத்து, "நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றார். "இந்தப் பக்கம் வந்தோம், பாத்துட்டுப் போலாம்னு எட்டிப் பாத்தோம்."

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, சொல்லாமல் வந்தது சரியா என்று கேட்டேன். "நீங்க சொல்ல வந்தது அவருக்கு. அவரு இல்ல. அந்தம்மாகிட்ட சொல்லி, காலத்துக்கும் அத அழ வைக்கவா?" என்றார். காற்றில் சோளத்தட்டைகள் உரசிக்கொண்டே இருந்தன.

மூன்றாவது ஆளை இன்னும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெயங்கொண்டம் பக்கம் நெசவு செய்துகொண்டிருந்தவர். விலாசத்தில் போய்க் கேட்டால், குடும்பத்தோடு எங்கோ இடம் மாறிவிட்டார்கள் என்கிறார்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். இப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வயிற்றில் வலது பக்கம் ஒரு நீளத் தழும்பு, கீழ் முனையில் லேசாகக் கோணல். அது என் கை. உங்கள் வார்டுக்கு எப்போதாவது எதற்காவது வந்தால், சாப்பாட்டுத் தட்டில் கத்தரிக்காயை ஒதுக்கிவைப்பார். ஏன் என்று கேளுங்கள். அவர் என் பெயரைச் சொல்லுவார். அப்போது அருகில் உட்கார்ந்து, சாப்பிடலாம் என்று சொல்லிவிடுங்கள்.